பீடத்தில் யாருடைய மொழி?

செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஓசூர் சாலையில் போக்குவரத்து வழக்கத்தைவிட மெதுவாகத்தான் நகரும். அடுகோடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரான்சிஸ்கன் துறவிகளின் அந்தோணியார் கோவில். வியாழக்கிழமை என்றால் கூட்டம் விவேக்நகர் பக்கம், குழந்தை இயேசு கோவிலுக்குத் திரும்பும். 1971-இல் எளிமையாகத் தொடங்கிய அந்தக் கோவில் இன்று நகரமே அறிந்த யாத்திரைத் தலம். நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள், கழுத்தில் ஜெபமாலை அணிந்தவர்கள், கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்த இளைஞர்கள் என்று எல்லாரும் ஒரே வரிசையில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறார்கள். நீ எந்த மொழியில் செபிக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

கோவில் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை மட்டும் கேட்கிறது. கன்னடப் பூசை இத்தனை மணிக்கு, தமிழ்ப் பூசை இத்தனை மணிக்கு, ஆங்கிலப் பூசை இத்தனை மணிக்கு. பெங்களூரின் கத்தோலிக்கக் கோவில்களில் இந்தப் பலகையை வெளியூர்க்காரர்கள் நேர அட்டவணை என்று நினைத்துப் படிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது எல்லைக்கோடு. எந்த மொழிக்கு எந்த நேரம், திருநாளின் பெரிய பூசை எந்த மொழியில், பாடல் குழுவில் யார் என்பதையெல்லாம் பேசி முடிக்க இந்த நகரத்தில் பல வருடங்கள் ஆயின. சில இடங்களில் இன்னும் பேசி முடியவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி வரை இந்தப் பிரச்சினை எழவே வழியில்லை. பூசை லத்தீனில் நடந்தது. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து நின்றார். மக்கள் தங்கள் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். லத்தீன் யாருக்கும் தாய்மொழி இல்லை என்பதால் எல்லாருக்கும் சமமாகப் புரியவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டு, மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடிந்தது. லத்தீன் போன இடத்தில் தமிழ் வந்து உட்கார்ந்தது. பெங்களூரில் லத்தீன் போன இடத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பேர் உரிமை கொண்டாடினார்கள்.

பழமையில் பிடிப்புள்ள கத்தோலிக்கர்களுக்கு இதில் ஒரு வாதம் உண்டு. அதை ஏளனம் செய்து ஒதுக்குவது எளிது. பதில் சொல்வது கடினம். பொதுவான மொழி ஒன்று இருந்தவரை பீடம் யாருடையது என்ற கேள்வி வரவில்லை, அந்த மொழியை எடுத்துவிட்டு 'மக்களின் மொழி' என்றதும் 'எந்த மக்கள்?' என்ற கேள்வி கோவிலுக்குள் நுழைந்துவிட்டது என்கிறார்கள் அவர்கள்.

அடுகோடியைப் போன்ற பகுதிகளை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஐம்பதுகளில் மைக்கோ தொழிற்சாலை எழும்பிய காலத்திலிருந்து இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. தண்டு எனப்படும் பழைய கன்டோன்மென்ட் பகுதியில் அதற்கும் முன்பிருந்தே தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதிகம். நகரப் பங்குகளில் எண்ணிக்கை இவர்கள் பக்கம் இருந்தது. மாநிலமோ கர்நாடகம். ஆரோபெலே போன்ற கனகபுரா பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் கன்னடம் பேசும் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். சொந்த மண்ணின் தலைநகரத்தில் தங்கள் மொழிக்குப் பூசை கேட்டு மன்றாட வேண்டியிருக்கிறதே என்ற அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

பேராயர் பதவியும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. 1968 முதல் 1971 வரை டி.எஸ். லூர்துசாமி, பிறகு 1986 வரை பாக்கியம் ஆரோக்கியசாமி என்று இரு தமிழர்கள். அதன் பின் வந்தவர்கள் கர்நாடகத்தின் கடலோரப் பின்னணி கொண்டவர்கள். 1982-இல் கோகாக் கிளர்ச்சி. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம், தமிழர் வீடுகள் மீது தாக்குதல். வெளியே வீசிய காற்று கோவில் கதவுகளில் நின்றுவிடவில்லை. 2013-இல் ஈஸ்டர் சமயத்தில் மல்லேசுவரத்தில் உள்ள புனித பேதுரு குருமடத்தின் அதிபர் கே.ஜே. தாமஸ் குருமட வளாகத்திலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு போலீஸ் கைது செய்தவர்களில் குருக்களும் இருந்தார்கள். பின்னணியில் மொழிப் பூசலும் இருந்ததாக அப்போது பேசப்பட்ட பேச்சு இன்றும் மறைமாவட்டத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

மொழியோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்துக் கைவைத்தது உடல்மொழியில். இந்தக் கதையின் மையமும் பெங்களூர்தான், ஆட்கள் தமிழர்கள்.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்லேரி என்ற சிற்றூர். அங்கிருந்து புறப்பட்டவர்கள் இரண்டு சகோதரர்கள். அண்ணன் லூர்துசாமி பெங்களூர்ப் பேராயர், பின்னாளில் ரோமாபுரியில் கர்தினால், 2014-இல் மறைந்தார். தம்பி அமலோர்பவதாஸ், பாரீசில் படித்து, திண்டிவனத்தில் மறைக்கல்வி மையம் நடத்திய குரு. 1967-இல் இந்திய ஆயர்கள் பெங்களூரின் மறுபக்கத்தில், ஹட்சின்ஸ் சாலையில், விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டுக்கான தேசிய மையம் ஒன்றைத் தொடங்கி அதை அவர் கையில் கொடுத்தார்கள். நானூறு வருடமாக ஐரோப்பிய உடுப்பில் இருக்கும் திருச்சபை இந்த மண்ணின் உடுப்புக்கு மாறவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த வேகம் அசாதாரணமானது.

அண்ணன் ஆயர் பேரவையின் திருவழிபாட்டு ஆணையத்துக்குத் தலைவர். தம்பி அதன் செயல்பாட்டுக்கு முதுகெலும்பு. வத்திக்கானிடம் 12 மாற்றங்களுக்கு அனுமதி கேட்கப்பட்டது. 1969 ஏப்ரல் 25 தேதியிட்டு அனுமதி வந்துவிட்டது. ரோமாபுரியின் வழக்கமான நடையை அறிந்தவர்கள் இந்த வேகத்தைக் கண்டு இன்றும் புருவத்தை உயர்த்துகிறார்கள்.

அந்த 12 அம்சங்களில் என்ன இருந்தது? செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரலாம். ஒரு முழந்தாளை மடக்குவதற்குப் பதில் கைகூப்பித் தாழ வணங்கலாம். பஞ்சாங்க நமஸ்காரம் செய்யலாம். பீடத்தையும் புத்தகத்தையும் முத்தமிடாமல், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சமாதானம் சொல்ல ஒருவருக்கொருவர் கும்பிடலாம். மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு. பீடத் துணிக்குப் பதில் தாம்பாளம். குருவுக்கு அங்கவஸ்திரம் போன்ற எளிய உடை. காணிக்கை நேரத்திலும் நற்கருணை மன்றாட்டின் முடிவிலும் பூ, தூபம், தீபம் கொண்டு ஆரத்தி. இவை கட்டாயம் இல்லை, அனுமதிதான். ஆனாலும் 1969-இல் ஒரு சாதாரணப் பங்குக் கோவிலின் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு இது பூகம்பமாகத்தான் பட்டது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. அதன் உரத்த குரல் சென்னை சாந்தோமிலிருந்து வந்தது. விக்டர் ஜே.எஃப். குழந்தை, பத்திரிகையாளர், அகில இந்தியப் பொதுநிலையினர் காங்கிரஸ் என்ற அமைப்பின் மூளை. 'தி லெய்ட்டி' என்ற பத்திரிகையில் மாதாமாதம் வெடி வைத்தார். 1985-இல் வந்த அவருடைய 'தி பேகனைசேஷன் ஆஃப் தி சர்ச் இன் இந்தியா' புத்தகத்தின் தலைப்பே வழக்கைச் சொல்லிவிடும். இந்தியத் திருச்சபை அஞ்ஞான மதமாக மாற்றப்படுகிறது என்பது குற்றச்சாட்டு.

குழந்தையும் அவரைச் சேர்ந்தவர்களும் சொன்னதில் மூன்று இழைகள் உண்டு. ஆரத்தி, ஓம், கலசம் ஆகியவை வெற்று அலங்காரங்கள் கிடையாது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தெய்வமும் ஒரு தத்துவமும் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்கிக் கொண்டுவந்து கிறிஸ்தவப் பீடத்தில் நடமுடியாது என்பது ஒன்று. வேண்டுமென்றே கலப்பது இந்துக்களையும் ஏமாற்றும் வேலை என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் கூர்மையானது: எங்களை யார் கேட்டார்கள்? ஆயர்களிடமே தபாலில்தான் கருத்துக் கேட்கப்பட்டது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு அதில் முறையாகக் கிடைக்கவில்லை என்று எதிர்ப்பாளர்கள் கடைசி வரை சாதித்தார்கள். பங்கு மக்களை எந்தத் தபாலிலும் யாரும் கேட்கவில்லை.

இந்த மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வரவே இல்லை. மக்களுக்கு நெருக்கமான வழிபாடு என்று சொல்லிக்கொண்டு, மக்களுக்கு மேலிருந்தே அதை இறக்கினார்கள். சீர்திருத்தக்காரர்களின் பெரிய சறுக்கல் இது. அமலோர்பவதாஸின் படிப்பையும் உழைப்பையும் யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் அவருடைய இந்தியா பெரிதும் நூல்களிலிருந்து வந்த இந்தியா: உபநிடதம், ஆசிரமம், சந்நியாசம்.

1974 டிசம்பரில் ஹட்சின்ஸ் சாலை மையத்தில் விவிலியம் அல்லாத மறைநூல்கள் பற்றி ஒரு ஆய்வுக் கருத்தரங்கு நடந்தது. பூசையில் பிற சமய நூல்களிலிருந்து வாசிக்கலாமா என்ற எல்லைக்குப் பேச்சு போயிற்று. 1975 ஜூனில் ரோமாபுரியிலிருந்து கர்தினால் நாக்ஸின் கடிதம் வந்தது. அனுமதி பெறாத இந்திய நற்கருணை மன்றாட்டும் பிற மறைநூல் வாசகங்களும் பூசையில் கூடாது என்றது கடிதம். 12 அம்சங்கள் தப்பின. அதற்கு மேல் ஓட முடியவில்லை. அமலோர்பவதாஸ் பிறகு மைசூர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவத் துறைக்குப் போனார், மைசூரில் அஞ்சலி ஆசிரமம் கட்டினார். 1990 மே மாதம் சாலை விபத்தில் இறந்தார்.

அரசியல் எங்கே என்று வாசகர் கேட்கலாம். அது வெளியே காத்துக்கொண்டிருந்தது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் ஆசிரமத்தில் காவி உடுத்தி வாழ்ந்த பீட் கிரிஃபித்ஸை முன்வைத்து, 1988-இல் சீதாராம் கோயல் 'கத்தோலிக்க ஆசிரமங்கள்' என்ற ஆங்கில நூலைக் கொண்டுவந்தார். காவியும் ஓமும் மதம் மாற்றுவதற்கான மாறுவேடம் என்பது அவர் வாதம். பன்னிரண்டு வருடம் கழித்து, 2000-இல், ஆர்.எஸ்.எஸ். தலைவராக இருந்த கே.எஸ். சுதர்சன், கிறிஸ்தவர்கள் ரோமாபுரியை விட்டுச் 'சுதேசித் திருச்சபை' அமைக்கவேண்டும் என்றார். இந்திய உடை உடுத்தினால் வேடம், உடுத்தாவிட்டால் அந்நியன். இதில் எந்தப் பக்கம் திரும்புவது? பழமைவாதக் கத்தோலிக்கர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: யார் சொன்னாலும் நம்முடைய வழக்கத்தை மாற்றவேண்டாம்.

கன்னடம் பேசும் பழங்குடிக் கிறிஸ்தவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஆரோபெலே அருகே கபால பெட்டா குன்றில் 114 அடி உயர இயேசு சிலைக்கு 2019 கிறிஸ்துமஸ் அன்று டி.கே. சிவகுமார் அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதமே 'கனகபுரா சலோ' ஊர்வலம் கிளம்பியது. பெங்களூர்க் கோவில்களில் மண்ணின் மைந்தர் என்ற பெயரில் பூசை கேட்ட அதே சமூகம், சொந்தக் கிராமத்தில் அந்நியர் என்ற பெயர் கேட்டது.

எல்லாவற்றையும்விட எதிர்பாராத அடி உள்ளேயிருந்தே விழுந்தது. 1981-இல் பெங்களூர் யுனைட்டெட் தியாலஜிக்கல் கல்லூரியில் அரவிந்த் பி. நிர்மல் ஒரு உரை நிகழ்த்தினார். பின்னர் தலித் இறையியல் என்று பெயர் பெற்ற சிந்தனையின் தொடக்கப் புள்ளியாக அதைச் சொல்வார்கள். இந்தியக் கிறிஸ்தவத்தின் பெரும்பகுதி தலித் மக்கள். இந்திய இறையியல் என்ற பெயரிலோ பிராமணத் தத்துவம் மட்டும் பேசப்படுகிறது என்ற விமர்சனம் அங்கிருந்து வலுத்தது. 12 அம்சங்களை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். பஞ்சாங்க நமஸ்காரமும் ஆரத்தியும் எந்த இடத்தின் வழக்கங்கள்? இந்தக் கோவில்களில் முழந்தாளிட்டிருக்கும் பலருடைய பாட்டன் பூட்டன்களை வாசலிலேயே நிறுத்திய இடத்தின் வழக்கங்கள். அதிலிருந்து தப்பித்துத்தான் அவர்கள் இங்கே வந்தார்கள். வந்த இடத்தில் 'இதுதான் உங்கள் பண்பாடு' என்று அதே தாம்பாளத்தை நீட்டினால் எப்படி இருக்கும்?

ஆக, சாந்தோமின் பழமைவாதியும் தலித் இறையியலாளரும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்துப் பார்க்காமலேயே ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, குடுமி வைத்து, தத்துவ போதகர் என்ற பெயரில் உயர்சாதியினரிடம் பேசினார். அந்த வழிமுறையிலிருந்து வளர்ந்த வழக்கங்கள் மீது நூறு வருடம் கழித்துப் புகார் போனது. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரியில் இறங்கிய தூர்னோன் 1704 ஜூன் மாதம் ஒரு ஆணை பிறப்பித்தார். உள்ளூர்ச் சடங்குகளை வெட்டித் தள்ளிய ஆணை என்றுதான் சரித்திரப் புத்தகங்கள் அதை நினைவில் வைத்திருக்கின்றன. அதே ஆணையில் இன்னொரு அம்சமும் இருந்தது: நோயுற்றுக் கிடக்கும் தலித் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள்ளேயே போய் அவர்களுக்குத் திருவருட்சாதனம் கொடுக்கவேண்டும்; மறுக்கக்கூடாது. பண்பாட்டைப் புரிந்துகொண்ட மிஷனரிகளுக்கு இந்தப் பகுதிதான் அதிகம் கசந்தது. வீட்டுக்குள் போனால் உயர்சாதியினர் விலகிவிடுவார்கள் என்றார்கள். 1744-இல் பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பர் தடையை உறுதி செய்தபோது, தலித் மக்களுக்கென்று தனி மிஷனரிகள் என்ற சமரசத்தில் விஷயம் முடிந்தது. இந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ரோமாபுரி, இந்த ஒரு விஷயத்தில் தெரிந்தவர்களைவிடச் சரியாகச் சொன்னது.

தனி ஏற்பாடு என்ற அந்தச் சமரசத்தின் வாரிசுகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அமலோர்பவதாஸ் பிறந்த அதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில், எறையூரில், 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அங்கே பூசை தமிழில்தான் நடந்தது. எல்லாருக்கும் புரியும் தமிழில்.

பழமைவாதிகள் சொன்னது எல்லாம் சரி என்று ஆகிவிடாது. அவர்கள் காப்பாற்ற நினைத்த 'கலப்பற்ற' வழிபாடு தமிழ் மண்ணில் என்றைக்குமே இருந்ததில்லை. கொடிமரம், கொடியேற்றம், தேர், வேளாங்கண்ணியில் மொட்டை என்று எதற்கும் குழந்தை போன்றவர்கள் போர்க்கொடி தூக்கவில்லை. ஒரு முழந்தாளை மடக்குவது ஐரோப்பிய அரசவைப் பழக்கம். குருவின் மேலாடை பழைய ரோமானியர்களின் வெளியுடுப்பு. தூபம் ரோமாபுரியின் பழைய தெய்வங்களுக்கும் காட்டப்பட்டதுதான். எதிர்த்தது அந்நியக் கலப்பை அல்ல. தாங்கள் பழகாத கலப்பை.

அரை நூற்றாண்டு கழித்துப் பார்த்தால், 12 அம்சங்களில் எவை தங்கின என்பது சுவாரசியமானது. சமாதானம் சொல்லும் நேரத்தில் கைகூப்புவது நாடு முழுக்க நின்றுவிட்டது. எந்த விழாவானாலும் குத்துவிளக்கு வந்துவிட்டது. பெருவிழாக்களில் ஆரத்தி எடுக்கிறார்கள். பஞ்சாங்க நமஸ்காரமும் தரையில் உட்காருவதும் ஆசிரமங்களோடும் துறவு மடங்களோடும் சுருங்கிவிட்டன. பங்குகளில் பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. வீட்டில் ஏற்கனவே கை பழகியிருந்ததை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்றதைச் சண்டை போடாமல் விட்டுவிட்டார்கள்.

அவர்களாகவே சேர்த்துக்கொண்டதும் உண்டு. செப்டம்பர் 8-க்கு முந்தைய நவநாட்களில் சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா பேராலயத்தில் காவிப் புடவை கட்டிய பெண்களின் கூட்டத்தைப் பார்க்கவேண்டும். எந்த ஆணையமும் அவர்களைக் காவி கட்டச் சொல்லவில்லை. எந்தப் புத்தகமும் தடுக்கவும் முடியவில்லை.

உலகம் முழுக்க இந்தக் கயிறிழுப்பு வேறு வேறு உருவங்களில் ஓடுகிறது. 2007-இல் பாப்பரசர் 16-ஆம் ஆசீர்வாதப்பர் பழைய லத்தீன் பூசைக்குக் கதவைத் திறந்துவிட்டார். 2021-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதை மறுபடி ஒருக்களித்து மூடினார். பாளையங்கோட்டையில் பத்தாம் பத்திநாதர் சபைக் குருக்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் லத்தீன் பூசையைத் தொடர்ந்து நடத்திவந்தார்கள். சீரோ மலபார் சபையில் நிலைமை தலைகீழ். குரு பாதிப் பூசையில் மக்களையும் மீதியில் பீடத்தையும் பார்க்கவேண்டும் என்று 2021-இல் அதன் ஆயர் மன்றம் உத்தரவிட, எர்ணாகுளத்துக் குருக்களும் மக்களும் முடியாது என்று நின்றார்கள். 2025 வரை இழுத்து ஒரு சமரசத்துக்கு வந்தது. அந்தச் சபையின் பெரிய கல்வி நிலையமான தர்மாராம் அடுகோடிக்குப் பக்கத்தில்தான், ஓசூர் சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கேயும் ஆணை மேலிருந்துதான் வந்தது. கேள்வியும் பழைய கேள்விதான்.

அடுகோடிக்கே திரும்பினால், பலகையில் உள்ள மூன்று மொழிகளுக்குள் கணக்கு மெல்ல மாறிக்கொண்டிருப்பது தெரியும். தமிழ்ப் பூசைக்காக வருடக்கணக்கில் வாதாடிய தலைமுறை வயதாகிவிட்டது. பேரப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் கன்னடம் பேசுகிறார்கள், இரண்டையும் தடுமாறாமல் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் நிறைய. பள்ளிக்கூடத்தில் படித்தது ஆங்கிலம். தாத்தா காலையில் தமிழ்ப் பூசைக்குப் போய்த் திரும்பும்போது, பேத்தி ஆங்கிலப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அங்கே பக்கத்து பெஞ்சில் கன்னடக் குடும்பத்துப் பையன். பின்னால் மங்களூர்க்காரர்கள், மலையாளிகள், வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அந்த மொழி அவர்களில் அநேகமாக யாருக்கும் தாய்மொழி இல்லை.